பி0420 வந்தால் உடனே கன்வெர்ட்டரை மாற்றாதீர்கள்: பெட்ரோல் காரில் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் பி0420, அதாவது கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்று காரின் கணினி போடும் பிழைக்குறி. "கேட்கான் போச்சு சார், மாத்திடணும்" என்று பட்டறையில் சொல்லிவிடுகிறார்கள். கம்பெனி பாகத்தின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எப்படியோ பணம் புரட்டி மாற்றினால், சில மாதத்தில் அதே விளக்கு, அதே பிழைக்குறி திரும்பவும் வருவது உண்டு.

கேட்கான் என்பது கேட்டலிடிக் கன்வெர்ட்டர், இன்ஜின் புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றும் பாகம். அதற்குள் அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. இன்ஜின் ஒழுங்காக இருந்தால் காரின் ஆயுள் வரைக்கும் வரக்கூடிய பொருள் அது. அது கெட்டிருக்கிறதென்றால் பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று அதைக் கெடுத்திருக்கிறது: தீப்பொறி தராமல் மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தவறுவது) அடிக்க வைக்கும் ஒரு காயில், சொட்டும் இன்ஜெக்டர், ஆயில் குடிக்கும் இன்ஜின். அதைப் பிடிக்காமல் புது கன்வெர்ட்டர் போடுவது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைக்கிற வேலை. இன்னொன்று, கன்வெர்ட்டர் நன்றாக இருக்கும்போதே பி0420 வருவதும் உண்டு. ஆகவே முதல் கேள்வி, கன்வெர்ட்டர் உண்மையிலேயே கெட்டிருக்கிறதா? இரண்டாவது, கெடுத்தது எது? இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் பெட்ரோல் கார்களுக்கு, அதிலும் 2013 ஏப்ரலில் ஓபிடி-2 என்ற சுய பரிசோதனை முறை கட்டாயமான பிறகு வந்த பிஎஸ்4, பிஎஸ்6 வண்டிகளுக்கு. டீசல் வண்டியின் புகை வடிகட்டி வேறு விதமாக வேலை செய்கிறது. இந்தச் சோதனைகள் அதற்குப் பொருந்தாது.

உள்ளே என்ன நடக்கிறது

இரும்பு ஓட்டுக்குள் ஒரு செராமிக் கட்டி. தேன்கூடு போல ஆயிரக்கணக்கான மெல்லிய துவாரங்கள். துவாரச் சுவர்களில் அலுமினா பூச்சு, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிகச் சிறிய அளவில். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் அது மாற்றிப்போடுகிறது. சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடு வந்தால்தான் வேலையே தொடங்கும். காற்றும் பெட்ரோலும் 14.7-க்கு 1 என்ற எடை விகிதத்தை ஒட்டி இருந்தால் மட்டுமே மூன்றும் சேர்ந்து நடக்கும்.

அந்தப் பூச்சில் சீரியம் என்ற பொருளும் இருக்கிறது. அது ஆக்சிஜனைச் சேமித்து வைத்து, தேவைப்படும்போது விடுவிக்கும். நமது சோதனைக்கு முக்கியமானது இதுதான். கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார் ஒவ்வொன்று இருக்கும். முன் சென்சாரில் வோல்டேஜ் மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருக்கும். சீரியம் அந்த அலையை விழுங்கிவிடுவதால் பின் சென்சாரில் கோடு கிட்டத்தட்ட நேராக நிற்கும். சேமிக்கும் திறன் போய்விட்டால் பின் சென்சாரும் முன் சென்சாரைப் போலவே குதிக்கத் தொடங்கும். காரின் கணினியான இசியூ இதைப் பார்த்துத்தான் பி0420 போடுகிறது. புகையை அது அளப்பதில்லை; இரண்டு சென்சார்களை ஒப்பிட்டு ஊகிக்கிறது. அதனால்தான் ஊகம் சில சமயம் தப்பாகிறது.

ஸ்கேனரில் முதலில் பார்க்க வேண்டியவை

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கும். இஎல்எம்327 வகை ப்ளூடூத் கருவியும் போனில் ஒரு செயலியும் போதும். பிழைக்குறியை அழிக்க வேண்டாம். அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவும் சேர்ந்து போய்விடும். பிழைக்குறி விழுந்த நேரத்தில் இன்ஜின் என்ன வேகத்தில் ஓடியது, எவ்வளவு சூடாக இருந்தது, எரிபொருள் திருத்தம் (இசியூ பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கும் சதவீதம்) எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பி0420-உடன் வேறு பிழைக்குறி இருந்தால் அதுதான் முதல் வேலை. பி0300 முதல் பி0304 வரை மிஸ்ஸிங். பி0171 என்றால் கலவை மெலிவு, பி0172 என்றால் பெட்ரோல் அதிகம். பி0135, பி0141 இரண்டும் ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் கோளாறு. இவற்றைச் சரிசெய்யாமல் பி0420-ஐத் துரத்துவதில் பயனில்லை. இவை தீர்ந்ததும் பல வண்டிகளில் பி0420 தானாகவே போய்விடும்.

விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டுச் சிமிட்டினால் அது வேறு எச்சரிக்கை. மிஸ்ஸிங் கடுமையாகி, கன்வெர்ட்டர் அந்த நிமிடத்திலேயே கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. 900 டிகிரியைத் தாண்டினால் உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திறன் இழக்கும். இன்னும் ஏறினால் செராமிக்கே உருகி அடைத்துக்கொள்ளும். ஆக்சிலேட்டரை விட்டு, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். "வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று ஓட்டுகிற அந்த 20 கிலோமீட்டரில்தான் பல கன்வெர்ட்டர்கள் போகின்றன.

கசிவு: காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது

எல்லாச் சோதனைகளிலும் செலவு குறைந்தது இது. பட்டறைகளில் அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான். எக்ஸாஸ்ட் வாயு தொடர்ச்சியாக வருவதில்லை, துடிப்புத் துடிப்பாக வருகிறது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குழாய்க்குள் அழுத்தம் குறையும்போது, சின்ன ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பார்த்துப் பின் சென்சார் ஆட, இசியூ கன்வெர்ட்டர்மேல் பழி போட்டுவிடும். ஓட்டை முன் சென்சாருக்கு முன்னால் இருந்தால் இன்னும் மோசம். பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து இசியூ கூடுதலாகப் பீய்ச்சும். பொய்யாக வந்த பிழைக்குறி கொஞ்ச நாளில் மெய்யாகிவிடும்.

திறந்த இடத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விடுங்கள். மூடிய ஷெட்டில் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தடித்த கையுறை போட்டு, மடித்த ஈரத்துணியால் சைலன்சர் வாயைச் சில விநாடி பாதி மூட, இன்னொருவர் முன்பக்கம் காது கொடுத்துக் கேட்கட்டும். இன்ஜின் பக்கத்திலிருந்து "டிக் டிக்" என்று வந்து, சூடானதும் மறைந்துவிட்டால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்) விரிசல், அல்லது கேஸ்கெட் போயிருக்கிறது. சூட்டில் இரும்பு விரிந்து ஓட்டை மூடிக்கொள்கிறது. அதனால்தான் ஆறிய இன்ஜினில் பார்க்கச் சொல்வது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் அடித்தால் நுரை குமிழும். குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்ச் தட்டின் ஓரத்தில் விசிறி போல விரிந்த கரிக்கோடு தெரிந்தால் வேறு சாட்சியே தேவையில்லை. வளையும் பெல்லோஸ் குழாயின் பின்னலுக்குள் விரல் விட்டுப் பாருங்கள், கரி ஒட்டினால் உள்ளே கிழிந்திருக்கிறது. கடற்கரை ஊர்களில் வெல்டிங் தையல்கள் துருப்பிடித்து ஊசித்துளை விழுந்திருக்கும். அங்கே அதையும் தடவிப் பார்க்க வேண்டும்.

பின் சென்சாரின் கோடு

கசிவு இல்லையென்று உறுதியான பிறகு இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டி, 10 நிமிடமாவது ஓடியிருக்க வேண்டும். பிறகு 2,500 ஆர்பிஎம்மில் 3 நிமிடம் பிடியுங்கள். செயலியில் பேங்க் 1 சென்சார் 1 (முன்), சென்சார் 2 (பின்) இரண்டையும் வரைபடமாக வையுங்கள்.

சாதாரண முன் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்டுக்கும் இடையே விடாமல் ஆடும். பின் சென்சார் 0.6 முதல் 0.8 வோல்ட் அளவில், மெதுவாக நெளிந்தபடி, கிட்டத்தட்ட நேராக இருந்தால் கன்வெர்ட்டர் பிழைத்திருக்கிறது. பின்னதும் முன்னதோடு சேர்ந்து அதே தாளத்தில் குதித்தால் சேமிப்புத் திறன் போய்விட்டது. புதிய வண்டிகள் பலவற்றில் முன்னால் இருப்பது அகல வரம்பு சென்சார். அதன் எண் வேறு விதமாகத் தெரியும். அங்கே பின் கோட்டை மட்டும் பாருங்கள்.

பின் சென்சாரே கெட்டிருந்தால்? சட்டென்று ஒரு முறை ரேஸ் கொடுங்கள், 0.8-க்கு மேல் ஏற வேண்டும். சாலையில் கியரிலேயே ஆக்சிலேட்டரை முழுக்க விட்டால் பெட்ரோல் நின்றுவிடும், அப்போது 0.1-க்குக் கீழே இறங்க வேண்டும். இரண்டும் நடந்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது. எது செய்தாலும் 0.45-ஐ ஒட்டியே நின்றால் சென்சாரையும் வயரையும் பாருங்கள். வண்டிக்கு அடியில் தொங்கும் அந்த வயரை எலி கடித்திருப்பதும், வேகத்தடையில் உரசி அறுந்திருப்பதும் நம் ஊரில் சகஜம். நான்கு வயரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் பெரும்பாலும் ஹீட்டருக்கானவை. ஆறிய நிலையில் மல்டிமீட்டரில் சில ஓம் காட்ட வேண்டும். காட்டவே இல்லையென்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது.

கொஞ்சம் நல்ல செயலியில் இசியூவின் சோதனை முடிவுகளை எண்ணாகக் காட்டும் மோடு 6 இருக்கும். அதில் எம்ஐடி 21 என்பது பேங்க் 1 கன்வெர்ட்டர் சோதனை. கிடைத்த மதிப்பும் எல்லையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எல்லையை அப்போதுதான் தொட்டிருக்கிறதா, வெகுதூரம் தாண்டிவிட்டதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மயிரிழையில் தவறியிருந்தால் கம்பெனி சர்வீஸில் உங்கள் மாடலுக்கு இசியூ மென்பொருள் புதுப்பிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். சில மாடல்களுக்கு அதுவே மருந்து.

புகைச் சான்றிதழ் மையத்திலிருந்து ஒரு தாள்

பட்டறைகள் பயன்படுத்தாமல் விடும் கருவி இது. பெட்ரோல் வண்டிக்கு வைத்திருக்கும் நான்கு வாயு அளவி கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன் நான்கையும் அளந்து லாம்டாவையும் (காற்று, பெட்ரோல் கலவை சரியான விகிதத்தை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்ற எண்; சரியாக இருந்தால் 1) கணக்கிடும். பிஎஸ்4, பிஎஸ்6 வண்டிகளுக்கு ஐட்லிங்கில் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் வரை அனுமதி. 2,500 ஆர்பிஎம்மில் மோனாக்சைடு 0.2 சதவீதம், லாம்டா 0.97 முதல் 1.03 வரை.

வண்டியை 15 நிமிடம் ஓட்டிச் சூட்டோடு சூடாகக் கொண்டுபோய், 2,500 ஆர்பிஎம்மில் அளந்து தரச் சொல்லுங்கள். நல்ல கன்வெர்ட்டரென்றால் மோனாக்சைடு பூஜ்யத்தை ஒட்டி, ஹைட்ரோகார்பன் இரண்டு இலக்கத்துக்குள், ஆக்சிஜன் அரை சதவீதத்துக்குக் கீழே இருக்கும். தாளில் தேட வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு: லாம்டா 1-ஐ ஒட்டி இருக்கிறது, ஆனாலும் மோனாக்சைடும் ஆக்சிஜனும் இரண்டுமே கூடுதலாக இருக்கின்றன. எரியத் தேவையானதும் எரிய வேண்டியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் சேரவில்லை. சேர்த்து வைக்க வேண்டிய கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை. மோனாக்சைடு குறைவு, ஆக்சிஜன் மட்டும் கூடுதல் என்றால் கசிவைச் சந்தேகியுங்கள். மோனாக்சைடு கூடுதல், ஆக்சிஜன் இல்லவே இல்லை, லாம்டா 0.97-க்குக் கீழே என்றால் இன்ஜின் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, கன்வெர்ட்டர்மேல் குற்றமில்லை.

அடைப்பு

திறன் குறைவது ஒரு நோய், அடைப்பு இன்னொன்று. அடைத்துக்கொண்டால் பி0420 வராமலேயேகூட இருக்கலாம். பிக்கப் படிப்படியாகக் குறையும், 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற மறுக்கும், மேடு ஏறாது, காலடியில் தரை சுடும், மைலேஜ் அடி வாங்கும். முற்றிவிட்டால் ஸ்டார்ட் ஆகிச் சில நிமிடத்தில் நின்றுவிடும்.

முதலில் ரப்பர் சுத்தியலால் ஆறிய கன்வெர்ட்டரை லேசாகத் தட்டுங்கள். டப்பாவுக்குள் கூழாங்கல் குலுங்குகிற மாதிரி சத்தம் வந்தால் செராமிக் உடைந்திருக்கிறது, மேற்கொண்டு சோதிக்க வேண்டாம். வெப்பக் கவசத்தின் தகடு தளர்ந்தாலும் கலகலக்கும். கவசத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தட்டுங்கள்.

அடுத்தது வேக்குவம். காற்று இன்ஜினுக்குள் போகும் இன்டேக் மேனிஃபோல்டில் கேஜ் மாட்டினால் கடல்மட்ட ஊர்களில் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்டும். ஊட்டி போன்ற 2,240 மீட்டர் உயரத்தில் இது ஏறக்குறைய 7 அங்குலம் குறைவாக இருக்கும். அதைக் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள். 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் முள் நிலையாக நிற்க வேண்டும். நிற்காமல் மெல்ல மெல்லச் சரிந்துகொண்டே போனால் வாயு வெளியேற வழியில்லை. அந்த அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள வண்டியில் கேஜ்கூட வேண்டாம். செயலியில் மேனிஃபோல்ட் அழுத்தத்தைப் பாருங்கள்: ஐட்லிங்கில் 30 முதல் 43 கிலோபாஸ்கல், 2,500-இல் பிடித்திருக்கும்போது அது ஏறிக்கொண்டே போனால் அதே பொருள்.

தீர்ப்பு சொல்வது பின்னழுத்த கேஜ்தான். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த எம்18×1.5 மரையில் கேஜ் அடாப்டரைப் போடுங்கள். ஐட்லிங்கில் சுமார் 1 பிஎஸ்ஐக்குள், 2,500-இல் 3 பிஎஸ்ஐக்குள் இருந்தால் அடைப்பு இல்லை. கேஜ் இல்லாத இடத்தில் சென்சாரைக் கழற்றிய துவாரத்தோடு சில நிமிடம் மட்டும் ஓட்டி, பிக்கப் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். வேலை செய்யும் சோதனைதான். ஆனால் துவாரத்திலிருந்து வரும் வாயு வயரையும் ரப்பர் ஹோஸையும் பொசுக்கிவிடும் என்பதால் அது எந்தத் திசையில் பாய்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானியால் முன்னும் பின்னும் சூடு பார்க்கும் வழக்கமும் உண்டு. பழைய வண்டிகளில் பின்பக்கம் கூடுதலாகச் சுட்டால் நல்லது என்பார்கள். இன்றைய இன்ஜின்களில் எரிய மிச்சமே குறைவு, அதனால் வித்தியாசமும் குறைவு. இதை மட்டும் நம்பிக் கன்வெர்ட்டரைக் குற்றவாளியாக்க வேண்டாம். பார்த்தே ஆக வேண்டுமென்றால் துருப்பிடித்த இடத்தில் குறிவையுங்கள்; பளபளக்கும் எஃகில் கருவி தப்பாகக் காட்டும்.

கெடுத்தது எது

கன்வெர்ட்டர் கெட்டது உறுதியானால் இன்ஜின் பக்கம் திரும்புங்கள். கழற்றிய ஸ்பார்க் பிளக்குகளை சிலிண்டர் வரிசைப்படி ஒரு துணியில் அடுக்கிப் பாருங்கள். மூன்று இளம்பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் கரியாக, பெட்ரோல் நாற்றத்தோடு இருந்தால் அந்த சிலிண்டரில் காயில் அல்லது இன்ஜெக்டர். காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள்; மிஸ்ஸிங் பிழைக்குறியும் கூடவே போனால் காயில்தான். பிளக் நுனியில் ஈரமான கறுப்பு எண்ணெய் என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல்.

மிஸ்ஸிங் எந்த சிலிண்டர் என்று பார்க்க ஓடும் இன்ஜினில் பிளக் வயரையோ காயிலையோ ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது கார்பரேட்டர் காலத்துப் பழக்கம். கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அது ஒவ்வொரு முறையும் பச்சைப் பெட்ரோலை நேராகக் கன்வெர்ட்டருக்குள் ஊற்றுகிற செயல். காயிலை விட்டுவிட்டு அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுங்கள். அதே பதில் கிடைக்கும், பெட்ரோல் போகாது. பேட்டரி இறங்கிய வண்டியைத் தள்ளித் தள்ளி ஸ்டார்ட் செய்வதிலும் இதே ஆபத்து. ஜம்பர் வயர் போடுங்கள்.

எரிபொருள் திருத்தம் குறுகிய கால எண்ணும் நீண்ட கால எண்ணும் சேர்ந்து ±10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மைனஸில் அதிகம் போனால் இன்ஜெக்டர் சொட்டுகிறது, எரிபொருள் அழுத்தம் கூடியிருக்கிறது, அல்லது கூலன்ட் வெப்ப சென்சார் இன்ஜின் எப்போதும் குளிராகவே இருப்பதாகப் பொய் சொல்கிறது. இந்தக் கடைசிக் காரணம் மலிவான பாகம், அதிகச் சேதம். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் செயலியில் கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சென்னை மே மாதத்தில் கூலன்ட் மட்டும் 5 டிகிரி என்று காட்டினால் வேறெங்கும் தேட வேண்டாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தாலும் இந்தத் திசையில்தான் தேட வேண்டும். பிஎஸ்6 பெட்ரோலில் கந்தகம் 10 பிபிஎம் அளவுதான், எனவே இன்று அந்த நாற்றம் வந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது என்றே முதலில் எண்ணலாம்.

ஆயில் எரிந்தால் அதிலுள்ள பாஸ்பரசும் துத்தநாகமும் துவாரங்களின் முன்வாயில் கண்ணாடி போலப் படியும். கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்தால் அதிலுள்ள சிலிக்கேட் வெள்ளையாகப் படியும். கேஸ்கெட்டுக்குப் பதிலாகச் சாதாரண சிலிகான் சீலன்ட்டை அப்பினாலும் அதே வெள்ளை. முன் சென்சாரின் நுனியே இதைச் சொல்லிவிடும்: சுண்ணாம்பு வெள்ளை என்றால் கூலன்ட் அல்லது சீலன்ட், காய்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், மினுக்கும் பழுப்பு என்றால் ஆயில். ஈயம் கலந்த பெட்ரோலும் இப்படித்தான் கன்வெர்ட்டரைக் கொன்றது. அதனால்தான் 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னையில் புது பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானபோதே ஈயமில்லாத பெட்ரோலும் அந்த நகரங்களில் வந்தது; 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயம் நின்றது.

வெளியிலிருந்து வரும் அடியும் உண்டு. உயரமான வேகத்தடையில் ஓடு நசுங்கினால் உள்ளே செராமிக் உடையும். கொதிக்கும் கன்வெர்ட்டரோடு தேங்கிய மழைநீரில் இறங்கினால் விரிசல் விடக்கூடும். அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பியிருக்கும் கொள்ளு, உளுந்துச் செடிகள்மேல் ஏற நேர்ந்தால் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தி அடியில் சுற்றியிருக்கும் செடித்தாளை இழுத்து எறியுங்கள். கன்வெர்ட்டரின் சூட்டில் அது தீப்பிடிக்கும்.

கழுவலாமா, குடைந்து எடுக்கலாமா

பெட்ரோல் டேங்கில் ஊற்றும் கிளீனரும், கழற்றி டிடர்ஜென்ட்டில் ஊறப்போடுவதும் உருகிய செராமிக்கைத் திருப்பித் தராது. படிந்த பாஸ்பரசையும் எடுக்காது. லேசான கரி மட்டும்தான் என்றால், காரணத்தைச் சரிசெய்துவிட்டு நெடுஞ்சாலையில் ஒரு கியர் குறைவாக, 3,000 ஆர்பிஎம் அளவில் 20, 30 நிமிடம் ஓட்டினாலே எரிந்துவிடும். நகர நெரிசலில் மட்டும் ஓடும் வண்டிக்கு இதை முதலில் செய்து பாருங்கள். மிஸ்ஸிங் இருக்கும்போது செய்யவே கூடாது.

உள்ளே இருக்கும் கட்டியை உடைத்தெடுத்து வெறும் இரும்புக் கூட்டைத் திரும்ப மாட்டுவதும், பின் சென்சாருக்கு ஸ்பேசர் போட்டு இசியூவை ஏமாற்றுவதும் சில இடங்களில் நடக்கிறது. செய்யாதீர்கள். பின்னால் நிற்கிற இரு சக்கர வண்டிக்காரரும் அவர் மடியில் இருக்கிற குழந்தையும் அந்த மோனாக்சைடைத்தான் மூச்சில் இழுக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் மாசு விதி மீறலுக்கு 2019 திருத்தத்துக்குப் பின் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு.

மாற்றுவது

பாகம் வாங்கும்போது மாடல் பெயரோடு நிற்காமல் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணைப் பொருத்துங்கள். ஒரே மாடலில் பிஎஸ்4 கன்வெர்ட்டரும் பிஎஸ்6 கன்வெர்ட்டரும் வேறு. வெளிச்சந்தையின் மலிவான கன்வெர்ட்டர்களில் உலோகம் குறைவு. மாட்டியதும் விளக்கு அணையும், சில மாதத்தில் திரும்ப எரியும். பணம் இறுக்கமாக இருந்தாலும் இதில் கம்பெனி பாகமே மேல் என்பதே எங்கள் கருத்து. பழையதைக் கையோடு வாங்கிவிடுங்கள். அதிலுள்ள உலோகத்துக்குப் பழைய பொருள் சந்தையில் நல்ல விலை இருக்கிறது; மாருதி ஈகோ வேன்களின் சைலன்சர் திருட்டு வட மாநிலங்களில் அடிக்கடி செய்தியாவது அதற்காகத்தான். வீட்டில் வெட்டித் திறக்க வேண்டாம், அந்தத் தூசியும் உள்ளே சுற்றியிருக்கும் நார்ப்பாயும் நுரையீரலுக்கு ஆகாதவை.

கன்வெர்ட்டர் அடித்தளத்தில் தனியாக இருக்கும் வண்டியில் வேலை இப்படிப் போகும்:

1. முதல் நாள் மாலையே ஃபிளாஞ்ச் போல்ட், சென்சார் மரை எல்லாவற்றிலும் துரு நீக்கும் எண்ணெய் அடித்து விடுங்கள். காலையில் இன்னொரு முறை.

2. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சமதளத்தில் ஜாக் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது.

3. சென்சார் கனெக்டரைப் பிரித்து, 22 எம்எம் சென்சார் சாக்கெட்டால் கழற்றுங்கள். அசையாவிட்டால் முறுக்கி உடைக்காமல், இணைப்புகளைத் திரும்ப மாட்டி, இன்ஜினை இரண்டு நிமிடம் ஓட்டி இளஞ்சூட்டில் முயலுங்கள்.

4. கவசத்தின் போல்ட்டுகள் பெரும்பாலும் 10 எம்எம், ஃபிளாஞ்ச் நட்டுகள் 12 அல்லது 14 எம்எம். நட்டைக் கழற்றும் முன் பின்குழாயைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பெல்லோஸ் அந்தப் பாரத்தைத் தாங்காது.

5. புதியதில் அம்புக்குறி பின்பக்கம் பார்க்க வேண்டும். கேஸ்கெட், நட்டு, ஸ்பிரிங் போல்ட் எல்லாம் புதுசு. சீலன்ட் பேஸ்ட் தேவையே இல்லை. எல்லா நட்டையும் கையால் ஏற்றி, குழாய் எங்கும் உரசாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகு இறுக்குங்கள்.

6. சென்சார் மரையில், அது இறுகிப்போகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையைக் கொஞ்சமாகத் தடவுங்கள், நுனியில் படக்கூடாது. புது சென்சாரில் கம்பெனியே தடவியிருக்கும். முறுக்கு பொதுவாக 40 முதல் 50 நியூட்டன் மீட்டர். உங்கள் சர்வீஸ் மேனுவல் வேறு எண் சொன்னால் அதுவே கணக்கு.

மேனிஃபோல்டோடு ஒட்டிய கன்வெர்ட்டரென்றால் ஸ்டட் உடையும் ஆபத்து அதிகம். உடைந்ததை எடுக்க வசதி இருக்கும் பட்டறையில் கொடுப்பதே நல்லது. இந்த வகையில் செராமிக் நொறுங்கியிருந்தால் இன்னொரு கவலையும் உண்டு. அந்தத் தூள் திரும்ப சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டுச் சுவரைக் கீறியிருக்கலாம். புதுசு மாட்டும் முன் கம்ப்ரெஷன் பாருங்கள், பிளக் துவாரம் வழியாகச் சின்ன கேமரா விட்டுச் சுவரைப் பாருங்கள்.

மாட்டிய பிறகு

ஸ்டார்ட் செய்ததும் முதல் சில நிமிடம் லேசான புகையும் எண்ணெய் வாடையும் வரும். தொழிற்சாலை எண்ணெய் எரிவதுதான். கசிவுச் சோதனையை மீண்டும் செய்து, பிழைக்குறிகளை இப்போது அழியுங்கள். அழித்ததும் இசியூவின் சுய பரிசோதனைகளும் பூஜ்யத்துக்குப் போய்விடும், விளக்கு எரியாததை வைத்துத் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. இரவு முழுக்க ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து 2, 3 நிமிடம் ஐட்லிங், பிறகு 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராக 10, 15 நிமிடம், இடையில் இரண்டு மூன்று முறை பிரேக் தொடாமல் ஆக்சிலேட்டரை விட்டு வேகம் இறங்கவிடுவது. பெரும்பாலான வண்டிகளில் இப்படி இரண்டு மூன்று நாள் ஓட்டினால் செயலியில் கேட்டலிஸ்ட் என்ற இடத்தில் "முடிந்தது" என்று காட்டும். அப்போது நிலுவைப் பிழைக்குறி எதுவும் இல்லாமல், மோடு 6 மதிப்பு எல்லையிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். பின் சென்சாரின் நேர்கோட்டையும் எரிபொருள் திருத்தத்தையும் படம் எடுத்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் அதே 2,500 ஆர்பிஎம்மில் இன்னொரு படம் எடுத்து ஒப்பிட்டால், கோடு நெளியத் தொடங்குவது விளக்கு எரிவதற்கு முன்பே தெரியும்.